பேக்கேஜ் 9 லட்சம், மாதம் கைக்கு எவ்வளவு?

ஏப்ரல் பிறந்துவிட்டால் எனக்கு ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். சொந்தக்காரர்கள், சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தவர்கள், அல்சூர் தமிழ்ச் சங்கத்தில் எப்போதோ பார்த்துப் பேசியவர்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பெங்களூர்ல எம்பிஏ சீட் கிடைச்சிருக்கு. நூறு பர்சென்ட் பிளேஸ்மென்ட்னு சொல்றாங்க. சேர்க்கலாமா?"

பெங்களூரில் ஒரு கம்பெனியின் எச்ஆர் பிரிவில் கேம்பஸ் ரெக்ரூட்மென்ட் பார்க்கிறேன். கல்லூரிகளுக்குப் போய் இன்டர்வியூ எடுப்பது, யாருக்கு எவ்வளவு என்று பேசி முடிப்பது, ஆஃபர் லெட்டர் அனுப்புவது எல்லாம் என் வேலை. விளம்பரத்தில் வரும் எண் எங்கே பிறக்கிறது, போகிற வழியில் எப்படிப் பெருகுகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். எம்பிஏ படிக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நல்ல கல்லூரியில் படித்து வாழ்க்கையே மாறியவர்கள் என் டீமிலேயே இருக்கிறார்கள். ஆனால் கடன் வாங்கிச் சேர்க்கும் பெற்றோர், பணம் கட்டும் முன் எந்த எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

போன வருடம் தருமபுரியில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஒருவர், மகளோடு வீட்டுக்கு வந்திருந்தார். கல்லூரி பிரசுரத்தில் 'ஆவரேஜ் பேக்கேஜ் 9 லட்சம்' என்ற வரியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருந்தார். "மாசம் எழுபத்தஞ்சாயிரம் வருதும்மா. பத்து லட்சம் கடன் ரெண்டே வருஷத்துல அடைஞ்சிடும்" என்றார். அந்தப் பிரசுரத்தின் பின்பக்கத்திலேயே எழுதிக் காட்டினேன்.

9 லட்சம் என்பது சிடிசி. அதாவது கம்பெனி உங்கள் பெண்ணுக்காக ஒரு வருடத்தில் செலவழிக்கும் மொத்தத் தொகை. கையில் வரும் சம்பளம் அதில் ஒரு பகுதிதான். பேசிக் சம்பளம் பாதி, அதாவது நாலரை லட்சம் என்று வைப்போம். கம்பெனி கட்டும் பிஎஃப் அதில் 12 சதவீதம், 54,000. வேலையை விடும்போது தரும் கிராஜுவிட்டிக்கு 4.81 சதவீதம், 21,600 சொச்சம். குரூப் இன்ஷூரன்ஸ் ஒரு 10,000. வேரியபிள், அதாவது டார்கெட் முடித்தால் தரும் தொகை, 1,20,000. ஜாயினிங் போனஸ் 50,000. இவை மட்டும் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிட்டன. மீதி சுமார் 6,44,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 53,700. அதிலிருந்து ஊழியர் பங்கு பிஎஃப் 4,500, கர்நாடகத்தின் தொழில் வரி 200 போகும். புதிய வரி முறையில் இந்தச் சம்பளத்துக்கு இப்போது வருமான வரி வராது. ஆக, கைக்கு வருவது சுமார் 49,000.

பிஎஃப் எங்கேயும் போகாது, அது நம் பணம்தான், ஆனால் இஎம்ஐ கட்ட உதவாது. கிராஜுவிட்டி நிரந்தர வேலையில் 5 வருடம் இருந்தால்தான். ஜாயினிங் போனஸ் முதல் வருடம் மட்டும், அதுவும் ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பெரும்பாலான லெட்டர்களில் இருக்கும். வேரியபிள்தான் வில்லங்கம். டார்கெட் முடித்தால் முழுதாக வரும், பாதி முடித்தால் சில கம்பெனிகளில் ஒன்றுமே வராது. சேல்ஸ் வேலைகளில் சிடிசியில் மூன்றில் ஒரு பங்கு வேரியபிளாக இருக்கும் ஆஃபர்களையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்து கடன். 10 லட்சம், வருடத்துக்குப் பாதியாக வாங்குவது, பத்தரை சதவீத வட்டி, படிப்பு இரண்டு வருடம், அதன்பின் ஒரு வருடம் அவகாசம். அந்த மூன்று வருடமும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். கட்டாமல் விட்டால் அவகாசம் முடியும்போது கடன் 12 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் நிற்கும். 7 வருடத் தவணை போட்டால் மாதம் 21,300. படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டி வந்தால் தவணை 16,900 ஆகக் குறையும். கடையில் வரும் வருமானத்தில் அது முடியும் என்றால் அவசியம் செய்யுங்கள் என்றேன்.

49,000-த்தில் தவணை 21,300. பிடிஎம் லேஅவுட்டிலோ மாரத்தஹள்ளியிலோ சாப்பாட்டோடு பிஜி, அதாவது பேயிங் கெஸ்ட் விடுதி, 12,000. மிச்சம் பதினைந்தாயிரம் சொச்சம். சமாளிக்கலாம். அவர் கொஞ்சநேரம் எண்களைப் பார்த்துவிட்டு, "அதே காலேஜ்ல அஞ்சு லட்சம் பேக்கேஜ் கெடச்சா?" என்று கேட்டார். அன்றைக்கு அந்த மேசையில் கேட்கப்பட்ட மிகச் சரியான கேள்வி அது. அதே மாதிரிப் பிரித்தால் கையில் வருவது சுமார் 27,000. தவணை போக 5,700. பிஜி வாடகைக்கே காணாது.

அவர் கேட்டது வீண் பயமில்லை. 'ஆவரேஜ் 9 லட்சம்' என்று போடும் கல்லூரியில் பாதிப் பேர் ஐந்து லட்சத்தில் இருக்க முடியும். பத்துப் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு பேருக்கு 5 லட்சம், இரண்டு பேருக்கு 7 லட்சம், ஒருவருக்கு 31 லட்சம். கூட்டி வகுத்தால் சராசரி 8 லட்சம். ஆனால் எட்டு லட்சம் வாங்குபவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. பத்துப் பேரையும் சம்பள வரிசையில் நிற்க வைத்து நடுவில் இருப்பவரைக் கேட்டால் 5 லட்சம் என்பார். அதுதான் மீடியன். நீங்கள் கேட்க வேண்டியது அது. 'ஹையஸ்ட் பேக்கேஜ்' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்க்கவே வேண்டாம், அது ஒரே ஒரு பிள்ளையின் கதை. அந்தப் பிள்ளை ஐந்து வருட அனுபவத்தோடு வந்திருக்கலாம், வெளிநாட்டு வேலையின் சம்பளத்தை ரூபாயில் மாற்றிப் போட்டிருக்கலாம்.

இந்த 'நூறு சதவீதம்' எப்படி வருகிறது? 120 பேர் சேர்கிறார்கள். அட்டெண்டன்ஸ் இல்லை, அரியர் இருக்கிறது என்று சிலர் பிளேஸ்மென்ட்டுக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்படுகிறார்கள். அப்பா பிசினஸைப் பார்க்கப் போகிறேன் என்று சிலர் விலகுகிறார்கள். முதல் நாலு இன்டர்வியூவில் கிடைக்காமல் மனம் விட்டுப்போனவர்களிடமும் விலகல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் கல்லூரிகள் உண்டு. இது என்னை மிகவும் கோபப்படுத்தும் விஷயம், உதவி அதிகம் தேவைப்படுவது அந்தப் பிள்ளைகளுக்குத்தான். கடைசியில் பதிவு செய்தவர்கள் 90, வேலை கிடைத்தவர்கள் 90, நூறு சதவீதம். சேர்ந்தவர்கள் கணக்கில் அது 75.

ஆஃபர்களை எண்ணுவது இன்னொரு வழி. ஒரே மாணவிக்கு மூன்று ஆஃபர் வந்தால் மூன்றாக எண்ணிவிடுவார்கள். கம்பெனி லோகோக்களும் அப்படித்தான். பூல் கேம்பஸ் என்று பல கல்லூரி மாணவர்களை ஒரே இடத்தில் வரவழைத்து நாங்கள் நாலைந்து பேரை எடுப்போம். ஒருவரும் தேர்வாகாத கல்லூரியின் பிரசுரத்திலும் அடுத்த வருடம் எங்கள் லோகோ இருக்கும்.

சரி, உண்மையான எண்ணை எங்கே பார்ப்பது? மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசை 2016-இலிருந்து வருகிறது. ரேங்க் எத்தனை என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அதன் இணையதளத்தில் தரவரிசையில் இடம்பெற்ற ஒவ்வொரு கல்லூரியும் சமர்ப்பித்த விவரம் பிடிஎஃப் கோப்பாகக் கிடைக்கும். அதில் 'பிளேஸ்மென்ட் அண்ட் ஹையர் ஸ்டடீஸ்' என்ற அட்டவணையைத் தேடுங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, மீடியன் சம்பளம் எவ்வளவு என்று மூன்று வருடத்துக்கும் வரிசையாக இருக்கும். சேர்ந்தவர்களையும் வேலை கிடைத்தவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பிரசுரத்தின் நூறு சதவீதம் அங்கேயே தெரிந்துவிடும். இதுவும் கல்லூரியே கொடுக்கும் கணக்குதான். ஆனாலும் அரசுக்குக் கொடுத்த எண்ணுக்கும் போஸ்டரில் போட்ட எண்ணுக்கும் இடைவெளி இருந்தால், அட்மிஷன் கவுன்சிலரிடம் நேராகவே கேளுங்கள். தொழில்நுட்ப, மேலாண்மைக் கல்வியைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ-யின் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் தங்கள் இணையதளத்தில் 'மேண்டேட்டரி டிஸ்க்ளோஷர்' என்று ஒரு ஆவணம் வைக்க வேண்டும். அதில் கடந்த மூன்று வருடங்களின் குறைந்தபட்ச, அதிகபட்ச, சராசரி சம்பள விவரம் இருக்க வேண்டும். அந்தக் குறைந்தபட்ச எண்ணை யாரும் பிரசுரத்தில் போடுவதில்லை.

அகமதாபாத் ஐஐஎம் முன்னின்று உருவாக்கிய பிளேஸ்மென்ட் ரிப்போர்ட்டிங் ஸ்டாண்டர்ட்ஸ் என்ற முறை ஒன்று இருக்கிறது. உறுதியாக வரும் ரொக்கம் தனியாக, அதிகபட்சமாகச் சம்பாதிக்கக்கூடியது தனியாகப் பிரித்துக் காட்டி, வெளியாள் தணிக்கையும் செய்வார்கள். அப்படித் தணிக்கை செய்த அறிக்கை வைத்திருக்கிறீர்களா என்று எந்தக் கல்லூரியையும் கேட்கலாம்.

பேங்கும் ஒரு தகவல் கொடுக்கும். ஸ்டேட் பேங்கின் ஸ்காலர் கடனுக்குத் தனிக் கல்லூரிப் பட்டியல் இருக்கிறது. 2024 நவம்பரில் ஒப்புதலான பிஎம் வித்யாலட்சுமி என்ற மத்திய அரசின் கல்விக் கடன் திட்டத்திலும் தகுதியான கல்லூரிகளுக்கு மட்டும்தான் பிணையில்லாக் கடன். குடும்ப வருமானம் வருடம் 8 லட்சத்துக்குள் இருந்தால், வேறு உதவித்தொகையோ வட்டி மானியமோ பெறாதவர்களுக்கு, 10 லட்சம் வரையான கடனுக்கு அவகாசக் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. நீங்கள் பார்க்கும் கல்லூரி இந்தப் பட்டியல்களில் இல்லாமல், பேங்க் வீட்டுப் பத்திரத்தை அடமானம் கேட்டால், ஏன் என்று மேனேஜரிடம் கேளுங்கள்.

சம்பளத்தைவிட நான் அதிகம் கவலைப்படுவது வேலையைப் பற்றி. பிசினஸ் டெவலப்மென்ட் அசோசியேட், ரிலேஷன்ஷிப் மேனேஜர், மேனேஜ்மென்ட் டிரெய்னி என்று பெயர்கள் நன்றாக இருக்கும். முதல் நாள் சீட்டில் உட்கார்ந்ததும் லீட்ஸ் பட்டியலும், அதாவது வாங்கக்கூடியவர்களின் போன் நம்பர்களும், ஹெட்செட்டும் கொடுப்பார்கள், ஒரு நாளைக்கு எண்பது, நூறு போன். பக்கத்துச் சீட்டில் பி.காம் முடித்து நேராக வந்த பையன் அதே வேலையைக் கொஞ்சம் குறைந்த சம்பளத்தில், ஒரு பைசா கடன் இல்லாமல் செய்துகொண்டிருப்பான். சேல்ஸ் மட்டமான வேலை இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரைப் பார்த்து, ஒரு ஏரியாவைத் தனியாளாகப் பிடித்து வளர்ந்தவர்கள் பெரிய பதவிகளில் இருக்கிறார்கள். ஆனால் ஃபைனான்ஸ் படிக்கிறேன் என்று சேர்ந்த பெண்ணுக்கு இன்ஷூரன்ஸ் விற்கும் வேலைதான் வரும் என்றால், அதைச் சேரும் முன்பே சொல்ல வேண்டும். ஆகவே ஸ்பெஷலைசேஷன் வாரியாக எத்தனை பேர், எந்தப் பதவியில் என்று கேளுங்கள். பெயர் வேண்டாம், பதவி மட்டும் போதும். அதையும் தர மறுத்தால் நான் அங்கே பணம் கட்டமாட்டேன்.

போன பேட்ச் மாணவர்களை லிங்க்ட்இனில் தேடுங்கள். கல்லூரி காட்டும் நட்சத்திரங்களை விட்டுவிட்டு, சாதாரண ஆட்களுக்கு எழுதுங்கள். "சம்பளம் எவ்வளவு" என்று கேட்டால் பதில் வராது. "உங்கள் வகுப்பில் ஜூலைக்குள் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, பெரும்பாலோருக்கு என்ன ரோல்" என்று கேட்டால் சொல்வார்கள். தமிழ்ப் பிள்ளைகள் தமிழில் எழுதினால் இன்னும் மனம் விட்டுப் பேசுவார்கள்.

ஏற்கனவே வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஐடியில் வருடம் 6 லட்சம் வாங்குபவர் எம்பிஏ சேர்ந்தால் கட்டணம் 10 லட்சம் மட்டும் செலவில்லை, இரண்டு வருடச் சம்பளம் 12 லட்சமும் போகிறது. முடித்து 9 லட்சத்தில் சேர்ந்தால் அந்த 22 லட்சத்துக்குக் கிடைத்தது வருடம் 3 லட்சம் உயர்வு. அதே இரண்டு வருடம் வேலையிலேயே இருந்தாலும் சம்பளம் கொஞ்சம் ஏறியிருக்கும். துறை மாறவேண்டும் என்பவருக்கு இது தகும். மற்றவர்கள் யோசிக்க வேண்டும்.

"இன்றைக்கே கட்டினால்தான் சீட்" என்ற அவசரத்துக்குப் பணிய வேண்டாம். கட்டிவிட்டு மனம் மாறினாலும் வழி இருக்கிறது. ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்ற கல்லூரியில், வகுப்பு தொடங்கும் முன், ஏஐசிடிஇ அறிவிக்கும் கடைசித் தேதிக்குள் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் கூடாது. விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இரண்டாம் வருடத்தில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு: ஆஃபர் வந்ததும் கடைசிப் பக்கத்து அனெக்ஷரைக் கேட்டு வாங்குங்கள், சம்பளப் பிரிவு அதில்தான் இருக்கும். பாண்ட் (இத்தனை காலம் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்), நோட்டீஸ் பீரியட், வேரியபிள் எப்போது எந்தக் கணக்கில் என்பதைப் படியுங்கள். புரியாவிட்டால் எச்ஆருக்கு எழுதிக் கேளுங்கள். கேட்டதற்காக ஆஃபரைத் திரும்பப் பெறும் எச்ஆரை நான் பார்த்ததில்லை. சேரும் தேதி இருக்கிறதா என்பது முக்கியம். 2022, 2023-இல் ஐடி கம்பெனிகள் பல, ஆஃபர் கொடுத்த ஃப்ரெஷர்களை மாதக்கணக்கில் காக்க வைத்தன. வேலை தர எண்ணியிருக்கிறோம் என்று மட்டும் சொல்லும், தேதி இல்லாத லெட்டர் ஆஃப் இன்டென்ட் மட்டும் வந்திருக்கிறது, கல்லூரியோ 'ஒரு மாணவருக்கு ஒரு ஆஃபர்' என்று பட்டியலிலிருந்து பெயரை எடுக்கிறது என்றால், தேதியோடு ஆஃபர் லெட்டர் வரும்வரை மற்ற இன்டர்வியூக்களில் உட்கார அனுமதிக்கும்படி பிளேஸ்மென்ட் ஆபீசருக்கு எழுத்து மூலமாகக் கோரிக்கை கொடுங்கள். வகுப்பில் அதே நிலையில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மறுப்பது கஷ்டம்.