விழுந்ததையும் நின்றதையும் எழுதி வைத்தவர்

கல்லூரியில் கட்டடப் பொறியியல் படித்தபோது ரிச்சர்ட் டிக்சன் ஓல்ட்ஹாம் என்ற பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பூமியின் நடுவில் ஒரு கரு இருப்பதை நிலநடுக்கப் பதிவுகளை வைத்துக் காட்டியவர் என்று நிலவியல் புத்தகங்களில் ஒரு வரி வரும். அவ்வளவுதான். ஆனால் ஒரு கட்டடம் குலுங்கினால் அதில் எது முதலில் போகும் என்று தினமும் கணக்குப் போடுகிற எங்களுக்கு, புவிக்கருவுக்கு முன்னால் அவர் அஸ்ஸாமில் செய்த வேலைதான் பெரிது.

ஓல்ட்ஹாம் 1858-இல் டப்ளினில் பிறந்தவர். அப்பா தாமஸ் ஓல்ட்ஹாம், ஜி.எஸ்.ஐ. என்கிற இந்திய நிலவியல் ஆய்வுத் துறையை 1851 முதல் நடத்தி உருவாக்கியவர். அப்பா இறந்த மறுவருடம், 1879-இல், மகன் அதே துறையில் சேர்ந்தார். இந்தியாவில் எந்தெந்த ஆண்டு எங்கே நிலம் ஆடியது என்று அப்பா தொகுத்து வைத்திருந்த பட்டியலைச் செப்பனிட்டு 1883-இல் வெளியிட்டார். வாரிசு வேலை என்று சிலர் முணுமுணுத்திருக்கக்கூடும். 1897-க்குப் பிறகு அப்படிப் பேச வழியில்லை.

அந்த வருடம் ஜூன் 12, மாலை ஐந்தேகால் மணி. அன்றைய அஸ்ஸாமில், இன்றைய மேகாலயாவில் இருக்கிற ஷில்லாங் பீடபூமி ஆடியது. ஷில்லாங்கில் கல்லால் கட்டிய வீடுகள், தேவாலயம் எல்லாம் தரைமட்டமாயின. கல், செங்கல் கட்டடங்கள் சேதமான பரப்பு மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப்போல மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இறந்தவர்கள் சுமார் 1,500 பேர். இவ்வளவு பெரிய நடுக்கத்துக்கு இது குறைவான எண்ணிக்கை. நடந்தது இரவு நேரத்தில் அல்ல என்பதுதான் காரணம்.

ஓல்ட்ஹாமும் சக அதிகாரிகளும் அந்தப் பகுதியைச் சுற்றி வந்தார்கள். நிலநடுக்கத்தை அளக்க அங்கே சரியான கருவி எதுவும் இல்லை. அதனால் விழுந்து கிடந்த பொருள்களையே கருவியாக வைத்துக்கொண்டார். கல்லறைத் தூண் எந்தப் பக்கம் சாய்ந்தது, சுவரில் விரிசல் எந்தக் கோணத்தில் ஓடுகிறது, கடிகாரம் எத்தனை மணிக்கு நின்றது என்று எல்லாவற்றையும் குறித்தார். இன்றைய வங்கதேசத்தில், சில்ஹெட் பக்கம் சத்தக் என்ற ஊரில் இங்கிலிஸ் என்பவருக்கு எழுப்பிய உயரமான நினைவுத்தூண் ஒன்று இருந்தது. அதன் மேல்பகுதி உடைந்து விழுந்துவிட்டது. மிச்சம் நின்ற இடத்திலேயே திருகிக்கொண்டு நின்றது. அந்தப் படம் அவருடைய அறிக்கையில் இருக்கிறது. அதைப் பார்க்காத நிலநடுக்கப் பொறியாளர் குறைவு.

எனக்குப் பிடித்தது அந்தத் தூண் அல்ல, பாறைகள். மண்ணில் பாதி புதைந்திருந்த பெரிய பாறைகள் சில, தாங்கள் இருந்த குழியைவிட்டு வெளியே வந்து கிடந்தன. பக்கவாட்டில் உருண்டு வந்திருந்தால் குழியின் விளிம்பு சிதைந்திருக்க வேண்டும். சிதையவில்லை. அப்படியென்றால் பாறை நேராக மேலே எறியப்பட்டிருக்கிறது. நிலம் மேலே தள்ளிய முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தையே மிஞ்சியிருந்தால்தான் அது நடக்கும். கருவி இல்லாமல், ஒரு குழியின் விளிம்பைப் பார்த்தே இதைச் சொன்னார். பக்கவாட்டு விசையை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு செங்குத்து விசையை லேசாக விட்டுவிடுகிற பழக்கம் எங்கள் தொழிலில் இன்னமும் உண்டு. அப்படிச் செய்பவர்களை அந்தக் குழி ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

காரோ மலைப் பக்கம் செட்ரங் என்ற ஆறு. அதன் ஓரமாகவே நிலம் பிளந்து, ஒரு பக்கம் 35 அடி வரை உயர்ந்திருந்தது. பிளவு ஆற்றைத் திரும்பத் திரும்பக் குறுக்கே வெட்டியது. நீரோட்டத்துக்கு எதிரே நிலம் உயர்ந்த இடங்களில் தண்ணீர் தேங்கிக் குளமாயிற்று. தண்ணீர் வருகிற பக்கத்து நிலம் உயர்ந்த இடங்களில் அருவி கொட்டியது. இவையெல்லாம் 1899-இல் ஜி.எஸ்.ஐ. வெளியிட்ட தடித்த அறிக்கையில் வந்தன. நூறு வருடம் கழித்து, 2001-இல், பழைய நில அளவைக் கணக்குகளைத் தூசு தட்டிய இரண்டு ஆய்வாளர்கள், பீடபூமியின் வடக்கு விளிம்பு அன்றைக்கு 10 மீட்டருக்கும் மேலே எழும்பியிருக்க வேண்டும் என்றார்கள். தரைக்கு அடியில் ஒளிந்திருந்து அதைச் செய்ததாக அவர்கள் சொன்ன பிளவுக்கு ஓல்ட்ஹாம் பெயரையே வைத்தார்கள். அந்தப் பிளவைப் பற்றி நிலவியலாளர்களிடையே வாதம் உண்டு. அது தனிக் கதை.

அந்த நடுக்கத்தின் அலைகள் ஐரோப்பாவில் இருந்த கருவிகளில் பதிவாகியிருந்தன. அந்தக் கோடுகளையும் வேறு பெரிய நடுக்கங்களின் பதிவுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, வருவது ஒரே அலை இல்லை, மூன்று வகை என்று 1900-இல் பிரித்துக் காட்டினார். முதலில் வேகமாக வந்து சேர்வது பி அலை, அடுத்து எஸ் அலை, கடைசியில் தரையை ஒட்டியே ஊர்ந்து வருவது மேற்பரப்பு அலை. 1903-இல் வேலையைவிட்டு இங்கிலாந்து திரும்பிய பிறகு, 1906-இல், பூமியின் நடுவே ஊடுருவி வருகிற அலைகள் மட்டும் தாமதமாவதைக் கண்டு, உள்ளே வேறு பொருளால் ஆன கரு இருக்கிறது என்று எழுதினார். அது திரவம் என்றும் அவர்தான் சொன்னார் எனப் பல இடங்களில் போட்டிருப்பார்கள், தவறு. அதை 1926-இல் நிலைநாட்டியவர் ஹரால்ட் ஜெஃப்ரீஸ். அந்தக் கருவுக்குள் இன்னொரு கரு இருப்பதை டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் 1936-இல் வெளியிட்டார். ஓல்ட்ஹாம் காலமானதும் அதே வருடம்தான்.

சரி, இந்த அலைக் கணக்கு நமக்கு எதற்கு? நம் காலடிப் பாறையில் பி அலை வினாடிக்கு 6 கிலோமீட்டர் போல ஓடும், எஸ் அலை மூன்றரை. இரண்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய 8 கிலோமீட்டருக்கு ஒரு வினாடி. நடுக்கம் 80 கிலோமீட்டர் தள்ளி நடந்தால், முதல் சின்ன உதறலுக்கும் கட்டடத்தைப் பிடித்து உலுக்குகிற அடுத்த அலைக்கும் நடுவில் உங்களுக்குக் கிடைப்பது 10 வினாடி. ஜப்பானின் முன்னெச்சரிக்கை, இப்போது ஆண்ட்ராய்டு போனில் வருகிற எச்சரிக்கை எல்லாம் இந்த இடைவெளியில்தான் பிழைக்கின்றன. மூன்றாவது மாடியிலிருந்து படியிறங்கித் தெருவுக்கு வர 10 வினாடி போதாது. படிக்கட்டில் மாட்டிக்கொள்வீர்கள், அல்லது வாசலில் சன்ஷேடோ கைப்பிடிச் சுவரோ தலையில் விழும். உறுதியான மேஜைக்கு அடியில் போய் அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டம் நின்ற பிறகு இறங்கலாம்.

ஷில்லாங்கில் எது நின்றது என்பதும் முக்கியம். மரச்சட்டம், நாணல் தட்டிச் சுவர், மேலே பூச்சு என்று இருந்த எக்ரா வீடுகள் கல் வீடுகளைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. அப்புறம் அந்தப் பாணியே அந்த வட்டாரத்தின் வழக்கமான வீடாகி, அஸ்ஸாம் வகை வீடு என்றே பெயர் பெற்றது. எடை குறைவு, வளைந்து கொடுக்கும். கான்கிரீட்டில் எடையைக் குறைப்பது கடினம்; வளைந்து கொடுக்க வைக்கலாம். பில்லருக்குள் நெடுக நிற்கிற கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற ரிங்தான் அதைச் செய்கிறது.

"நம்ம ஊருக்கு அதெல்லாம் வராது சார்" என்று சைட்டில் சொல்லாதவர் இல்லை. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர் பக்கம் 6 ரிக்டரை ஒட்டிய நடுக்கம் வந்தது. 2001 செப்டம்பரில் புதுச்சேரிக் கடலுக்குள் வந்த 5.5 அளவு நடுக்கத்தில் சென்னையில் ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். நிலநடுக்க ஆபத்தை வைத்து நாட்டை மண்டலங்களாகப் பிரிக்கிற ஐ.எஸ். 1893 விதிநூல் 2002-இல் திருத்தப்பட்டபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து ஆபத்து கூடுதலான மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. அதற்கு முந்தைய விதிப்படி கட்டிய அபார்ட்மென்ட்டுகளில் இன்றைக்கும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். 2001 குடியரசு தினத்தன்று புஜ் அருகே வந்த நடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அபார்ட்மென்ட்டுகள் விழுந்தன. பெரும்பாலும் கீழே சுவரே இல்லாமல் கார் பார்க்கிங் விட்டவை. மேல்மாடிகள் சுவரோடு சேர்ந்து ஒரே பெட்டியாக விறைத்து நிற்க, ஆட்டம் முழுவதையும் கீழ்த்தளத்துப் பில்லர்கள் மட்டும் வாங்கிக்கொண்டன.

கீழ்த்தளத்தில் ஏற்கெனவே சுவர் இருந்தால் கடைக்கு வாடகைக்கு விடலாம் என்று அதை உடைக்காதீர்கள். மேலே இன்னொரு மாடி எழுப்ப நினைத்தால், மேஸ்திரி "தாங்கும்" என்று சொல்வது போதாது. பழைய கட்டடத்தில் பில்லரைச் சுற்றிக் கூடுதல் கம்பி கட்டி கான்கிரீட் போட்டுப் பருமனாக்கலாம். குடியிருப்போர் சங்கத்தில் எல்லாரும் பணம் போட ஒத்துக்கொள்வதுதான் அதில் கஷ்டமான பகுதி.

புதிதாகக் கட்டுகிறீர்கள் என்றால், பில்லருக்குப் பலகை அடைக்கும் முன் போய் ரிங்கைப் பாருங்கள். ரிங்கின் இரண்டு முனைகளும் மூலைக் கம்பியைச் சுற்றி உள்நோக்கி, 135 டிகிரிக்கு மடங்கி, வளைவுக்கு அப்புறமும் குறைந்தது 65 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். நிறைய இடத்தில் 90 டிகிரியில் எல் மாதிரி மடித்து விட்டுவிடுகிறார்கள். கட்டுவதற்கு அது சுலபம். ஆனால் நடுக்கத்தில் பில்லரின் வெளிப்பூச்சு கான்கிரீட் உதிர்ந்ததும் அந்த எல் முனை பிரிந்துகொள்ளும், உள்ளே நெடுக நிற்கிற கம்பிகள் வெளியே பிதுங்கும், பில்லர் உட்கார்ந்துவிடும். 135 டிகிரியில் மடக்கியது உள்ளே கான்கிரீட்டைப் பிடித்துக்கொண்டு பிரியாது. பில்லரின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ரிங்குகளுக்கு நடுவே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. பீம் வந்து சேர்கிற முட்டில் ரிங் நுழைப்பது சிரமம் என்று கம்பி கட்டுபவர்கள் அங்கே விட்டுவிடுவார்கள். அங்கேதான் அது அவசியம். ஐ.எஸ். 13920 விதிநூலில் இவை எல்லாம் இருக்கின்றன, மூன்றாம் மண்டலத்துக்கும் கட்டாயம்.

போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு மாடிக்கும். கான்கிரீட் கொட்டிய பிறகு கம்பி எங்கே ஓடுகிறது என்பதைக் கருவி வைத்துப் பார்த்துவிடலாம். ரிங்கின் முனை எப்படி மடங்கியிருக்கிறது என்று தெரியாது.