எடை சரிதான், எங்கே ஏற்றினீர்கள்?

மாணவ விமானிகள் கொண்டுவரும் எடைக் கணக்குத் தாளை வாங்கினால் என் கண் நேராகக் கடைசி வரிக்குப் போகும். மொத்த எடை எழுதப்பட்டிருக்கும், கீழே ஒரு தடித்த கோடு, பக்கத்தில் ஒரு டிக். பலருக்குக் கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. எடை எங்கே இருக்கிறது என்பதைக் கணக்கிடும் மொமென்ட் கட்டம் அரைகுறையாக நிற்கும், விமானம் வரம்புக்குள் இருக்கிறதா என்று காட்டும் வரைபடத்தில் புள்ளி இருக்காது. பயிற்சியில் முன் இருக்கைகளில் இருவர் மட்டுமே பறப்பதால் இந்தப் பழக்கத்தின் ஆபத்து வெளியே தெரிவதில்லை. உரிமம் கைக்கு வந்து, நண்பர்களைப் பின் இருக்கையில் ஏற்றிக்கொள்ளும் முதல் நாளில்தான் அது தலைகாட்டும்.

கணக்கு என்னவோ பள்ளிக்கூடக் கணக்குதான். உற்பத்தியாளர் குறித்துவைத்த ஓர் ஆதாரக் கோடு இருக்கும், அதை டேட்டம் என்கிறோம். ஒரு பொருள் அதிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளி இருக்கிறதோ அது ஆர்ம். எடையை ஆர்மால் பெருக்கினால் மொமென்ட். எல்லா மொமென்ட்டுகளையும் கூட்டி மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம், அதாவது சி.ஜி. கிடைத்துவிடும். கீலுக்கு அருகே தள்ளினால் அசையாத கதவு, ஓரத்தில் தள்ளினால் ஒரு விரலுக்கே திறக்கிறது அல்லவா? பின்பக்கப் பெட்டியில் வைக்கும் பைக்கும் அதே வலு உண்டு.

செஸ்னா 172எஸ் விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதிகபட்சப் புறப்பாட்டு எடை 2,550 பவுண்டு. அந்த எடையில் சி.ஜி. 41.0 முதல் 47.3 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். முன் இருக்கையின் ஆர்ம் 37, பின் இருக்கை 73, முதல் சரக்குப் பகுதி 95, எரிபொருள் 48. வெற்று எடை 1,680 பவுண்டு, அதன் ஆர்ம் 39.5 என்று வைத்துக்கொள்வோம். விமானி 120 பவுண்டு. பேசிக்கொண்டே வரலாம் என்று நண்பர்கள் இருவரும் பின்னால் ஏறிவிட்டார்கள், ஆளுக்கு 200. சரக்குப் பகுதியில் அதன் வரம்பான 120 பவுண்டு. எரிபொருள் 30 காலன், 180 பவுண்டு. கூட்டினால் 2,500. வரம்புக்கு 50 பவுண்டு குறைவு, டிக் போட்டுவிடலாம் போலத் தோன்றும். மொமென்ட்டைக் கூட்டிப் பாருங்கள்: 1,20,040. வகுத்தால் 48.0 அங்குலம். பின் எல்லையை முக்கால் அங்குலம் அளவுக்குத் தாண்டிவிட்டது. இந்த விமானம் பறக்கக் கூடாது.

தீர்வும் அதே தாளில்தான் இருக்கிறது. நண்பர்களில் ஒருவரை முன் இருக்கைக்கு மாற்றினால் 200 பவுண்டு 36 அங்குலம் முன்னே வருகிறது. 7,200-ஐ 2,500-ஆல் வகுத்தால் 2.9, சி.ஜி. 45.1-க்கு வந்துவிடும். ஒரு பவுண்டைக்கூட இறக்கவில்லை.

முக்கால் அங்குலத்துக்கு இத்தனை கவலை ஏன் என்று மாணவர்கள் கேட்பார்கள். சி.ஜி. பின்னே போகப் போக விமானம் தன்னைத்தானே நேர்செய்துகொள்ளும் குணத்தை இழக்கிறது. கன்ட்ரோல் கைக்கு லேசாக, இதமாகக்கூட இருக்கும். என்னை மிகவும் அச்சுறுத்துவது இதுதான்: விமானம் எதையும் உரக்கச் சொல்லாது. சிறிது இழுத்தாலே மூக்கு அதிகம் எழும். ஸ்டாலில், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலையில், தானாகத் தாழ வேண்டிய மூக்கு தாழ மறுக்கலாம். சுழன்றபடி கீழிறங்கும் ஸ்பின்னில் விழுந்தால் சுழற்சி தட்டையாகி, மீட்க முடியாமலே போகலாம். அதனால்தான் 172எஸ் விமானத்தில் ஸ்பின் பயிற்சிக்கு யுடிலிட்டி பிரிவு என்ற தனி, இறுக்கமான வரம்பு வைத்திருக்கிறார்கள்: எடை 2,200 பவுண்டு, பின் எல்லை 40.5 அங்குலம், பின் இருக்கையும் சரக்குப் பகுதியும் காலி.

முன் எல்லையைத் தாண்டினால் வேறு விதமான தொல்லை. மூக்கைத் தூக்கிப் பிடிக்க வால் அதிக விசையோடு கீழே அழுத்த வேண்டும். அந்த விசையையும் இறக்கைதான் சுமக்கிறது, ஆகவே ஸ்டால் வேகம் கூடும். தரையிறங்கும்போது மூக்கை ஏற்றி இறக்கும் வால் பகுதியான எலிவேட்டர் போதாமல் மூக்குச் சக்கரம் முதலில் மோதலாம். மொத்த எடை கூடுவதன் விளைவு எல்லோரும் அறிந்தது: 10 சதவீதம் எடை கூடினால் புறப்பாட்டுத் தூரம் ஏறக்குறைய 20 சதவீதம் கூடும்.

கணக்கு சரியாக இருந்தும் விடை பொய்யாகலாம், உள்ளே போட்ட எண் பொய்யானால். வெற்று எடையைக் கையேட்டின் மாதிரிப் பக்கத்திலிருந்து எடுக்காதீர்கள். அந்தக் குறிப்பிட்ட விமானத்தின் கடைசி எடை அறிக்கையிலிருந்து எடுங்கள். ரேடியோ மாற்றியிருந்தாலே அந்த எண் மாறியிருக்கும். பயணிகளின் எடையை ஊகிக்காதீர்கள். கூச்சத்தில் குறைத்துச் சொல்பவர்கள் அதிகம். தனியாக அழைத்துக் கேளுங்கள், முடிந்தால் எடைக் கருவியில் நிற்கச் சொல்லுங்கள், கையில் இருக்கும் பையோடு. 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் ஏர் மிட்வெஸ்ட் 5481 என்ற பயணிகள் விமானம் புறப்பட்ட உடனே விழுந்து 21 பேர் இறந்தார்கள். பராமரிப்பில் எலிவேட்டர் கேபிளைத் தவறாகச் சரிசெய்திருந்ததால் மூக்கைத் தாழ்த்தும் அசைவு குறைந்திருந்தது. அதோடு, அனுமதிக்கப்பட்ட சராசரி எடைகளை வைத்துப் போட்ட கணக்கு வரம்புக்குள் இருந்தது; உண்மையில் விமானம் எடை மிகுந்தும், சி.ஜி. பின் எல்லையைத் தாண்டியும் இருந்தது. அதன் பிறகே அங்கே சராசரி எடைகளை உயர்த்தினார்கள். பெரிய விமானத்தில் பலரின் எடை ஓரளவு சமன்படலாம்; நான்கு இருக்கை விமானத்தில் சராசரிக்கு இடமே இல்லை.

அலகையும் கவனியுங்கள். சிறிய விமானங்களின் பெட்ரோலான அவ்காஸ் ஒரு அமெரிக்க காலனுக்கு 6 பவுண்டு, ஒரு லிட்டருக்கு 0.72 கிலோ. லிட்டரில் நிரப்பிவிட்டு காலன் கட்டத்தில் எழுதுவது சாதாரணமாக நடக்கும் பிழை.

இன்னொன்று, ஒரு புள்ளி போதாது. புறப்படும்போது ஒன்று, எரிபொருள் தீர்ந்த நிலைக்கு ஒன்று, இரண்டையும் வரைபடத்தில் வையுங்கள். 172-இல் இந்த நகர்வு சிறியது. பீச்கிராஃப்ட் பொனான்சாவில் எரிபொருள் இறக்கையின் முன்பகுதியில் இருப்பதால் எரிய எரிய சி.ஜி. பின்னே போகும், புறப்படும்போது எல்லைக்குள் இருந்த விமானம் தரையிறங்கும்போது வெளியே இருக்கலாம். வழியில் ஓரிடத்தில் முன் இருக்கைப் பயணி இறங்கிக்கொண்டால் காலையில் போட்ட தாள் அத்தோடு செல்லாது. அடுத்த புறப்பாட்டுக்குப் புதிய தாள், புதிய புள்ளிகள். தேவைப்பட்டால் பின்னால் இருப்பவரை முன்னே வரச் சொல்லிவிட்டுத்தான் எஞ்சினைத் தொட வேண்டும்.