லேப்டாப்புக்கு ரேம் வாங்கும் முன் பின்மூடியைத் திறந்து பாருங்கள்

லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று கொண்டுவருபவர்களில் பலர் கையோடு புது ரேமையும் வாங்கி வந்துவிடுகிறார்கள். "இதைப் போட்டுக் கொடுங்க, போதும்" என்பார்கள். பின்மூடியைத் திறந்தால் அதைச் செருகுவதற்கு இடமே இருக்காது. இல்லையென்றால் இடம் இருக்கும், வாங்கி வந்த ரேம் வேறு தலைமுறையாக இருக்கும். அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்கும்போது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கொஞ்ச நேரம் செலவழித்துப் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய செலவு அது.

ரேமைத் தேர்ந்தெடுப்பது நாம் அல்ல, மதர்போர்டும் (எல்லாப் பாகங்களும் இணையும் பலகை) செயலியும்தான். அவை எதை ஏற்கும் என்று தெரிந்துகொள்வது மட்டுமே நம் வேலை.

முதல் கேள்வி, ரேமை மாற்ற முடியுமா என்பது. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் சில்லுகளை மதர்போர்டிலேயே சால்டர் செய்து, கழற்ற முடியாதபடி பற்றவைத்துவிடுகிறார்கள். ஆப்பிள் 2012-இல் ரெட்டினா மேக்புக் ப்ரோவில் அப்படிச் செய்தது. எம் வரிசைச் செயலி உள்ள மேக்புக் எதிலும் பிறகு ரேம் கூட்ட வழியில்லை. விவரப் பட்டியலில் எல்பிடிடிஆர்4 அல்லது எல்பிடிடிஆர்5 (குறைந்த மின்சாரத்தில் ஓடும் ரேம் வகை) என்று இருந்தால், அநேகமாக அது சால்டர் செய்ததுதான். எல்பிகேம்2 என்ற கழற்றக்கூடிய வடிவம் இப்போது வந்திருக்கிறது, ஆனால் மிகச் சில மாடல்களில்தான். சில லேப்டாப்களில் பாதி சால்டர், பாதி ஸ்லாட் (ரேமைச் செருகும் இடம்) என்றும் இருக்கும்.

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைப் பார்த்தால், எத்தனை ஸ்லாட், என்ன வேகம் என்று காட்டும். ஆனால் அதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். சால்டர் செய்த ரேமையும் அது ஒரு ஸ்லாட்டாகக் கணக்கிடலாம். 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் பெரும்பாலும் சால்டர்தான். உங்கள் மாடலுக்கான சர்வீஸ் மேனுவலைத் தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். அதையும் பார்த்து, மூடியையும் திறந்து பார்த்துவிட்டால் சந்தேகமே வராது.

அடுத்தது தலைமுறை, அதாவது டிடிஆர் என்பதற்குப் பின்னால் வரும் எண். லேப்டாப் ரேமில் டிடிஆர்3-க்கு 204 முனைகள், டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. நடுவில் உள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும். ஒன்றை இன்னொன்றின் ஸ்லாட்டில் போட முடியாது. ரேம் உள்ளே போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள். உடைந்த ஸ்லாட்டை மாற்றுவது ரேம் வாங்குவதைவிடப் பல மடங்கு பெரிய வேலை.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் அதிகமாக ஏமாறுவது இவர்கள்தான். டிடிஆர்3, டிடிஆர்3எல் என்று இரண்டு இருக்கின்றன. முனைகளும் வெட்டும் ஒன்றுதான், கச்சிதமாக உள்ளே உட்காரும். ஆனால் முதலாவதுக்கு 1.5 வோல்ட் வேண்டும், இரண்டாவது 1.35 வோல்ட்டில் ஓடும். இன்டெலின் 4-ஆம் தலைமுறை லேப்டாப் செயலிகள் 1.35 வோல்ட்டை எதிர்பார்ப்பவை. அங்கே சாதாரண டிடிஆர்3 போட்டால் டிஸ்ப்ளே வராது. லேப்டாப் செத்துவிட்டது என்று பயந்துவிடுவார்கள், பழைய ரேமைத் திரும்பப் போட்டதும் எழுந்துவிடும். டிடிஆர்3எல் பொதுவாக 1.5 வோல்ட்டிலும் வேலை செய்யும் என்பதால், இந்த வகையில் எது வேண்டும் என்று குழப்பமாக இருந்தால் 'எல்' உள்ளதையே வாங்குங்கள். ஸ்டிக்கரில் பிசி3எல் என்று இருக்கும்.

இதே காலத்து லேப்டாப்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு 8 ஜிபி ரேமை 4 கிகாபிட் (8 கிகாபிட் சேர்ந்தால் 1 ஜிபி) சில்லுகள் 16 வைத்தும் செய்யலாம், 8 கிகாபிட் சில்லுகள் 8 வைத்தும் செய்யலாம். இன்டெலின் 4-ஆம் தலைமுறை வரையிலான செயலிகள் அந்த 8 கிகாபிட் சில்லைப் படிக்காது. வகை சரி, வோல்ட் சரி, வேகமும் சரி, ஆனாலும் பூட் ஆகாது. கடையில் "ரேம் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான், வேறு லேப்டாப்பில் ஓடும். எனவே இரு பக்கமும் சேர்த்துச் சில்லுகளை எண்ணிப் பாருங்கள். 16 இருந்தால் வாங்கலாம். ஸ்டிக்கரில் 2ஆர்எக்ஸ்8 என்று இருப்பது அதுதான்.

வேகத்தைப் பற்றித்தான் எல்லோரும் நிறையக் கேட்கிறார்கள், உண்மையில் அதில் பயப்பட ஒன்றுமில்லை. 2666 வேகம் மட்டுமே ஏற்கும் லேப்டாப்பில் 3200 வேக ரேமைப் போட்டால் 2666-இல் ஓடும். இரண்டு ரேம் வேறு வேகமாக இருந்தால் குறைந்ததன் வேகத்துக்கு இரண்டும் இறங்கிவிடும். பிசி4-25600 என்பதும் டிடிஆர்4-3200 என்பதும் ஒன்றுதான். 3200-ஐ 8-ஆல் பெருக்கினால் அந்த எண் வரும். எக்ஸ்எம்பி (ரேமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் அமைப்பு) என்று பெரிதாக விளம்பரம் செய்யும் ரேமுக்குக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். பெரும்பாலான லேப்டாப்களின் பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) அதை இயக்கும் வசதியே இருக்காது.

எவ்வளவு வாங்குவது? செயலி ஏற்கும் உச்ச அளவு ஒன்று, லேப்டாப் தயாரிப்பாளர் சொல்வது ஒன்று. இரண்டும் மாறுபட்டால் குறைந்ததை எடுத்துக்கொள்வதே என் வழக்கம். 32 பிட் விண்டோஸ் போட்டிருந்தால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பலனில்லை, முதலில் 64 பிட்டுக்கு மாறுங்கள். இரண்டு ஸ்லாட் இருந்தால் 16 ஜிபி ஒன்றைவிட 8 ஜிபி இரண்டு நல்லது. செயலி இரண்டு ரேம் வழியாகவும் ஒரே நேரத்தில் தரவை எடுக்கும், இதுதான் இரட்டை வழி. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஏற்கெனவே 8 இருந்து 16 சேர்த்தால்கூட 16 ஜிபி வரை இரட்டை வழியில் ஓடும், மீதி 8 மட்டும் ஒற்றை வழியில்.

காசு கொடுப்பதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். நீங்கள் வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்துவைத்துவிட்டு டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். ரேம் பாதிதான் நிறைந்திருக்கிறது, ஆனால் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது என்றால், உங்களுக்கு வேண்டியது ரேம் அல்ல. பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்) போட்டாலே லேப்டாப் புதிதுபோல் ஆகிவிடும். இதைச் சொல்லிப் பலரை ரேமைத் திருப்பிக் கொடுக்கச் செய்திருக்கிறேன்.

சரி, ரேம் வந்துவிட்டது. சார்ஜரைப் பிடுங்கி, முழுமையாக ஷட் டவுன் செய்து, உள்ளே உள்ள பேட்டரி கனெக்டரையும் கழற்றிவிட்டுத்தான் ரேமைத் தொட வேண்டும். பேட்டரி இணைப்பில் இருக்கும்வரை மதர்போர்டில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ரேமைச் சாய்வாகச் செருகி, தங்க முனைகள் உள்ளே மறைந்ததும் கீழே அழுத்தினால் இரு பக்கக் கிளிப்பும் 'டிக்' என்று பிடிக்கும். முதல்முறை ஆன் செய்யும்போது திரை சிறிது நேரம் கறுப்பாகவே இருக்கலாம், டிடிஆர்5-இல் சில நிமிடங்கள்கூட ஆகும். புது ரேமை அப்போதுதான் அது பழகிக்கொள்கிறது. அவசரப்பட்டுப் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள்.

விண்டோஸ் வந்து, முழு அளவும் காட்டினாலும் வேலை முடியவில்லை. மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஒரு பென்டிரைவில் போட்டு, இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை வைத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் சேமிக்கும் கோப்பில் சத்தமில்லாமல் தவறான தரவு ஏறும். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு எது கெட்டது என்று கண்டுபிடித்து, கடை திருப்பி எடுத்துக்கொள்ளும் கெடு முடிவதற்குள் மாற்றிவிடுங்கள்.