பழைய பியட்டுக்குப் புது ஷாக்: எண்ணெய்க்குள் நடக்கும் கணக்கு

புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு 22 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் சித்தப்பாவின் பிரீமியர் பத்மினி, அதாவது பழைய பியட், எந்த இடத்தில் எப்படி ஆடும் என்பது எனக்கு மனப்பாடம். அரியாங்குப்பம் பாலத்தில் ஏறும்போது ஒரு தூக்கு. கிருமாம்பாக்கத்து வேகத்தடைகளில் வரிசையாகக் குத்து. தென்பெண்ணைப் பாலத்து முகப்பில் தூளியில் போட்டதுபோல மூன்று நான்கு ஆட்டம். 1984-ல் வாங்கிய வண்டி. கடைசிச் சில வருடங்களில் ஆட்டம் அதிகமாகி, சித்தி பின்சீட்டில் எலுமிச்சங்காயை மோந்தபடி கண்ணை மூடிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்.

ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்பது தெரிந்ததுதான். மாற்றுகிற பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டு, விலை அதிகமானது நல்லதாகத்தான் இருக்கும் என்ற பழைய நம்பிக்கையில், கேஸ் நிரப்பிய ஒற்றைக்குழாய் ஷாக் நான்கை வாங்கிப் போட்டேன். இந்தக் காருக்கென்று வந்தவை அல்ல. கடையில் புஷ்ஷை, அதாவது ஷாக்கின் முனையை வண்டியோடு இணைக்கும் இடத்தில் வரும் ரப்பர் வளையத்தை, மட்டும் மாற்றிப் பொருத்திக் கொடுத்தார்கள். பாலத்தில் ஆட்டம் நின்றது. பதிலுக்குச் சாலையில் கிடக்கும் ஒவ்வொரு ஜல்லியும் முதுகெலும்பில் வந்து எண்ணிக்கை சொன்னது. கடலூர் முதுநகரில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். முன்பக்க மட்கார்டை இரண்டு கையாலும் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தார். "தம்பி, இது கனவண்டி ஷாக்கு. உங்க காருக்கு இதை அமுக்குற அளவுக்கு வெயிட்டே கிடையாது."

அவர் ஒரே வரியில் சொன்னதற்குள் நிறைய இயற்பியல் இருக்கிறது.

முதலில், பெயரே கோளாறு. ஷாக்கை, அதாவது அதிர்ச்சியை, வாங்கிக்கொள்வது ஸ்பிரிங்தான். பத்மினியில் முன்னால் சுருள் ஸ்பிரிங், பின்னால் எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய பட்டை ஸ்பிரிங். அம்பாசடர் என்றால் முன்னால் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி, பின்னால் அதே பட்டை. சக்கரம் மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் அமுங்கி அந்த ஆற்றலைத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. வைத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுத்தே தீரும். கொடுக்கும்போது வண்டி மேலே போகும், பிறகு கீழே வரும், மறுபடி மேலே. இந்த ஊஞ்சலை நிறுத்துவதுதான் ஷாக்கின் வேலை. ஆட்டத்தின் ஆற்றலை அது வெப்பமாக மாற்றிக் காற்றில் விட்டுவிடுகிறது.

எப்படி மாற்றுகிறது என்பதைக் கடலூர் சில்வர் பீச்சில் முழங்கால் தண்ணீரில் இறங்கித் தெரிந்துகொள்ளலாம். மெதுவாக நடந்தால் தண்ணீர் வழிவிடும். ஓடிப் பாருங்கள், காலைப் பிடித்து இழுக்கும். வேகம் இரு மடங்கானால் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. ஷாக்கின் உள்ளே ஒரு குழாய், அதில் எண்ணெய், எண்ணெய்க்குள் துளைகள் உள்ள ஒரு பிஸ்டன். சக்கரம் மேலும் கீழும் போகும்போது எண்ணெய் அந்தத் துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு ஓட வேண்டும். துளை மட்டும் இருந்தால் கடல் கணக்கேதான்: பெரிய பள்ளத்தில் சக்கரம் வேகமாக எகிறும்போது ஷாக் கல்லாக இறுகிவிடும். அதனால் துளைகளின் மேல் மெல்லிய எஃகுத் தகடுகளை வைக்கிறார்கள். அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் தகடு வளைந்து கூடுதல் வழி விடும். எந்த வேகத்தில் எவ்வளவு தடை என்பதைத் தீர்மானிப்பது இந்தத் தகடுகள்தான். வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஷாக்குகள் ஓட்டத்தில் முற்றிலும் வேறாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று, போகும்போதும் வரும்போதும் ஒரே தடை இருக்காது. அமுங்கும்போது லேசாக, நீளும்போது கெட்டியாக வைத்திருப்பார்கள். அமுங்கும்போது கெட்டியாக இருந்தால் மேட்டின் குத்து நேராக இருக்கைக்கு வந்துவிடும். நீளும்போதோ ஸ்பிரிங் தேக்கிய ஆற்றலை அடக்கியாக வேண்டும். ஆனால் நீளும்போதான தடை அளவுக்கு மீறினாலும் வம்பு. ஒரு வேகத்தடையில் அமுங்கிய சக்கரம் முழுதாக இறங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும், அதற்குள் அடுத்தது. ஒவ்வொன்றிலும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே உட்கார்ந்துகொண்டே போய், கடைசியில், சக்கரம் அளவுக்கு மீறி ஏறாமல் தடுக்கும் ரப்பர் தாங்கியில் போய் இடிக்கும். அந்தக் கேஸ் ஷாக்கோடு கிருமாம்பாக்கத்தில் எனக்கு நடந்தது இதுதான்.

இப்போது சொகுசு என்பதற்கு வருவோம். நம் உடம்புக்கு ஒரு வினோதம் உண்டு. நொடிக்கு ஒன்று, ஒன்றேகால் முறை மேலும் கீழும் ஆடினால் நடப்பதுபோலத்தான் இருக்கும், பெரிதாகத் தொந்தரவில்லை. அதைவிட மெதுவாக, அலையில் படகு போல ஆடினால் குமட்டும். நொடிக்கு 4 முதல் 8 முறை ஆடினால் குடல், வயிறு எல்லாம் சேர்ந்து ஆடும். செங்குத்து அதிர்வில் உடம்பு மிகவும் வெறுப்பது இந்த வேகத்தைத்தான். அதனால் கார் உடல் ஆடும் வேகத்தை நொடிக்கு 1 முதல் 1.5-க்குள் வைக்கப் பார்ப்பார்கள். இது ஸ்பிரிங்கையும் எடையையும் பொறுத்தது, ஷாக்கைப் பொறுத்தது அல்ல. நொடிக்கு ஒரு முறை ஆட வேண்டும் என்றால், வண்டியின் எடைக்கே ஸ்பிரிங் கால் மீட்டர் அமுங்கியிருக்க வேண்டும்.

சாலையைச் சேர்த்துக்கொண்டால் விஷயம் விளங்கும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 16.7 மீட்டர் கடக்கிறது. பாலத்து முகப்பில் மண் இறங்கி, 14 மீட்டர் நீளத்துக்கு ஓர் அலை உண்டாகியிருந்தால், அது வண்டியை நொடிக்கு 1.2 முறை தள்ளும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் உயரம் ஏறிக்கொண்டே போவதுபோல வண்டி எழும்பும். இங்கே ஷாக் கட்டாயம் வேண்டும். அதே சாலையில் 3 மீட்டருக்கு ஒருமுறை ஒட்டுப்போட்ட மேடு இருந்தால், நொடிக்கு ஐந்தரை முறை தள்ளல். இந்த வேகத்தில் ஸ்பிரிங்கே மேடுகளை விழுங்கிக்கொள்ளும்; வண்டியின் உடல் சற்றும் அசையாமல் மிதக்க வேண்டும். இங்கே கெட்டியான ஷாக் உதவாது, கெடுக்கும். ஸ்பிரிங்கின் குறுக்கே ஒரு கம்பியை வைத்துக் கட்டியதுபோல, சக்கரத்தின் குலுக்கலை நேராக உடலுக்குக் கடத்தும். சாலையின் தள்ளல் வண்டியின் இயல்பான ஆட்ட வேகத்தைப் போல் 1.4 மடங்குக்கு மேலே போய்விட்டால், தடை கூடக் கூடக் குலுக்கலும் கூடும்.

ஆக, பாலத்துக்கு ஏற்ற ஷாக்கும் ஒட்டுச்சாலைக்கு ஏற்ற ஷாக்கும் ஒன்றல்ல. நடுவில் ஓர் இடத்தைப் பிடிக்க வேண்டும். ஒரே தள்ளலில் வண்டி ஆடாமல் அப்படியே வந்து நிற்கத் தேவையான தடையை முழு அளவு என்று வைத்தால், சொகுசுக்கு அதில் 20 முதல் 30 சதவீதம் போதும். பந்தயக் கார் 70 சதவீதத்துக்கும் போகும்.

பத்மினிக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். காரின் எடை 900 கிலோவை ஒட்டி. ஒரு மூலையில் ஸ்பிரிங் மேல் உட்காரும் எடை தோராயமாக 200 கிலோ. நொடிக்கு 1.2 முறை ஆட்டம், 25 சதவீதத் தடை என்று கணக்கிட்டால், சக்கரம் நொடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் அசையும்போது ஷாக் கொடுக்க வேண்டிய தடை சுமார் 23 கிலோ. அவ்வளவுதான், ஓர் அரிசி மூட்டைகூட இல்லை. நான் வாங்கிப் போட்ட ஒற்றைக்குழாய் ரகத்தில் நைட்ரஜன் 25 பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 25 மடங்கு, அழுத்தத்தில் இருக்கும். 11 மில்லிமீட்டர் தடிமனுள்ள தண்டின் மேல் அந்த அழுத்தம், வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே, 24 கிலோ விசையில் தள்ளிக்கொண்டிருக்கிறது. அது தடை அல்ல, வண்டியைத் தூக்கும் விசை. ஆனால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் ‘சீல்’ வளையத்தையும் அதே அழுத்தம் தண்டோடு சேர்த்து இறுக்குகிறது. சின்ன ஜல்லிக்கு ஷாக் நகரவே மறுக்கும். கனமான வண்டிக்கு இது கணக்கிலேயே வராது. லேசான பத்மினிக்கு வரும்.

ஒற்றைக்குழாய் மோசம் என்று சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. சாதாரண ஷாக்கில் இரண்டு குழாய்கள், ஒன்றுக்குள் ஒன்று. தண்டு உள்ளே நுழையும்போது இடம்பெயரும் எண்ணெய் வெளிக்குழாய்க்குப் போகும். அங்கே எண்ணெயோடு காற்றும் இருக்கிறது. மோசமான சாலையில் நீண்ட நேரம் ஓடினால் இரண்டும் கலந்து, டீயை ஆற்றியதுபோல நுரைத்துவிடும். நுரை துளை வழியே தடையில்லாமல் ஓடும். காற்றை மிதக்கும் பிஸ்டனால் பிரித்து, எண்ணெயை எப்போதும் அழுத்தத்திலேயே வைத்துவிட்டால் நுரைக்காது. இதை 1950-களில் செய்துகாட்டியவர் டி கார்போன் என்ற பிரெஞ்சுக்காரர். புதுச்சேரிக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்: உராய்வால் ஆட்டத்தை அடக்கும் ஆரம்பகாலக் கருவியைச் செய்த ட்ரூஃபோவும், எண்ணெய் வைத்துச் செய்த ஹூதாயும் பிரெஞ்சுக்காரர்களே. உழுத வயலில் ஒரு கூடை முட்டையை உடையாமல் கொண்டுபோக வேண்டும் என்று நிபந்தனை போட்டு உருவாக்கி, 1948-ல் வெளியிட்ட சிட்ரோயன் 2 சிவி காரும் அவர்களுடையதுதான். நம் சாலைக்கு யாராவது அப்படி ஒரு நிபந்தனை போட்டிருக்கலாம்.

சரி, பழைய காருக்கு எதை வாங்குவது? என் அனுபவத்தில், பட்டை ஸ்பிரிங் உள்ள லேசான காருக்கு, அந்த மாடலுக்கென்றே வரும் எண்ணெய் ரக இரட்டைக்குழாய் ஷாக் போதும். குறைந்த அழுத்தக் கேஸ் ரகமும் பரவாயில்லை. தடையைத் திருகி மாற்றும் வசதியுள்ளது கிடைத்தால் மிக லேசான நிலையிலிருந்து தொடங்கலாம். ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள்: முழுதாக அமுங்கிய நீளம். சக்கரம் ரப்பர் தாங்கியில் இடிப்பதற்கு முன்பே ஷாக் அடித்தட்டிவிட்டால் சொகுசும் போச்சு, ஷாக்கும் போச்சு.

அதற்கும் முன்னால் பட்டையைப் பார்க்க வேண்டும். நம்முடையது உப்புக்காற்று ஊர். பட்டைகளுக்கு நடுவே துரு ஏறி ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டால் ஸ்பிரிங்கே வேலை செய்யாது. பழியோ ஷாக் மேல் விழும். அண்ணன் என் வண்டியின் பட்டைகளைப் பிரித்தபோது இடையிலிருந்து ஒரு கைப்பிடித் துரு கொட்டியது. அதே உப்புக்காற்று ஷாக் தண்டின் குரோம் பூச்சையும் அரிக்கும். ஊசிமுனை அளவு குழி விழுந்தால் போதும், அது அரம்போல அந்த ‘சீல்’ வளையத்தைக் கிழித்து எண்ணெயை வெளியே விடும். டயர் காற்றையும் மறந்துவிட வேண்டாம். பங்க்கில் பழக்கதோஷத்தில் 35 அடித்துவிடுகிறார்கள். கையேட்டில் சொன்னதற்கு மேல் அடித்தால் அதை எந்த ஷாக்காலும் சரிசெய்ய முடியாது.

இந்த முறை வாங்கிய இரட்டைக்குழாய் ஷாக்கை அண்ணன் உடனே மாட்டவில்லை. நிமிர்த்திப் பிடித்து ஏழெட்டு முறை இழுத்து அமுக்கினார். படுத்துக் கிடந்ததில் உள்குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். முதல் இரண்டு இழுப்பில் கை சட்டென்று வெற்றாக ஓடியது, பிறகு சீராகக் கனத்தது. "இழுக்கும்போது பாரம், அமுக்கும்போது லேசு. திரும்புற இடத்துல கேப் வரக்கூடாது," என்று என் கையில் கொடுத்தார்.

மாட்டியதும் புதுச்சேரி வரை ஓட்டிப் பார்த்தோம். பாலத்தில் வண்டி ஒருமுறை எழும்பி, பாதி திரும்பி, நின்றது. ஜல்லி எண்ணிக்கை சொல்லவில்லை. வண்டியை ஓரங்கட்டிய உடனே அண்ணன் குனிந்து நான்கு ஷாக்கையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். வேலை செய்கிற ஷாக் சூடாக இருக்கும், சும்மா இருப்பது குளிர்ந்திருக்கும். மூன்று வெதுவெதுப்பாக இருந்தன. பின்பக்க இடது ஷாக்கில் மட்டும் கையை இரண்டாம் முறை வைத்தார்.

"அப்புறம் அந்தக் கீழ் புஷ்ஷை இன்னொரு தடவை டைட் பண்ணணும் தம்பி. ஷாக்கு அசையுறதுக்கு முன்னாடி போல்ட்டு அசையுது."