கோர்ட் மார்ஷலுக்கு (ராணுவ நீதிமன்ற விசாரணைக்கு) முன் கிடைக்கும் 96 மணி நேரம் போர்க்காலத்தில் 24 ஆகிவிடும்: ராணுவக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

போர் மூண்டதும் வீட்டுக்கு வரும் முதல் செய்தி, "லீவு ரத்து, உடனே யூனிட்டுக்குத் திரும்பு" என்பதுதான். அம்மா ஐசியூவில் கிடக்கும்போது, "ரெண்டு நாள் கழிச்சுப் போப்பா" என்று நாமே சொல்லிவிடுகிறோம். டெல்லி கன்டோன்மென்ட்டிலும் முனீர்காவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களே, தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்.

1950 ராணுவச் சட்டத்தின் 39-வது பிரிவில் இது தனிக் குற்றம். தன் படைப்பிரிவு போர்ப்பணிக்கு அழைக்கப்பட்டது தெரிந்தும், தக்க காரணமின்றித் திரும்பாதவருக்கு 3 ஆண்டு வரை சிறை. அதுவே 'ஓடிப்போனவர்' (38-வது பிரிவு) என்றானால் சாதாரண காலத்தில் 7 ஆண்டு வரை, போர்ப்பணியிலோ அதற்கு உத்தரவு வந்த பிறகோ மரண தண்டனை வரை போகலாம். இரண்டையும் பிரிப்பது நாள் கணக்கு அல்ல, திரும்பும் எண்ணம் இருந்ததா என்பதுதான். போனை அணைத்துவிட்டு வீட்டில் இருப்பது அந்த எண்ணத்துக்கு எதிரான சாட்சி. லீவு நீட்டிப்பை எழுத்தில் கேளுங்கள். மருத்துவமனைச் சீட்டைத் தேதியோடு வையுங்கள். பயணம் முடியாதபோது பக்கத்து ராணுவ நிலையத்தில் ஆஜராகி, வந்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள். 30 நாள் கடந்தால் கோர்ட் ஆஃப் என்கொயரி (ராணுவ விசாரணைக் குழு) வைத்து, அனுமதியின்றி வராதவர் என்று பதிவு செய்துவிடுவார்கள்.

பிடிபட்ட பிறகு எல்லாம் வேகமாக நடக்கும். குற்றச்சாட்டைச் சொன்னதற்கும் விசாரணை தொடங்குவதற்கும் இடையே குறைந்தது 96 மணி நேரம் தர வேண்டும். போர்ப்பணியில் இருப்பவருக்கு அது 24 மணி நேரம்தான். அதற்குள் வழக்கறிஞரைத் தேடிப் பிடிக்க முடியாது. ஆகவே அதற்கு முன்பே, சம்மரி ஆஃப் எவிடென்ஸ் (விசாரணைக்கு முன் சாட்சியங்களை எழுதிவைக்கும் பதிவு) எழுதும்போதே கவனம் வேண்டும். சாட்சிகள் வீரரின் முன்னால்தான் பேச வேண்டும், அவர் குறுக்குக் கேள்வி கேட்கலாம். அவர் வாக்குமூலம் கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. பலர் 'கேள்வி இல்லை' என்று சொல்லிவிடுகிறார்கள், வழக்கு அங்கேயே சாய்ந்துவிடுகிறது.

சம்மரி கோர்ட் மார்ஷல் என்ற சுருக்க விசாரணையில் யூனிட்டின் கமாண்டிங் ஆபீசரே தனி நீதிபதி. அவர் லெப்டினன்ட் கர்னல் அல்லது அதற்கு மேல் என்றால் ஓராண்டு வரை சிறை கொடுக்கலாம், வேலையும் போகலாம். உதவிக்கு ஒருவரை வைத்துக்கொள்ள உரிமை உண்டு. ஆனால் அவர் ஆலோசனை சொல்லலாமே தவிர மன்றத்தில் பேசக் கூடாது. 'ஒத்துக்கொண்டா சின்ன தண்டனையோட முடிஞ்சிடும்' என்ற பேச்சை நம்பிக் குற்றத்தை ஏற்பதுதான் பெரிய தவறு. ஏற்கும் முன் அதன் பொருளையும் விளைவையும் விளக்க வேண்டும், விளக்கியதைப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பக்கத்தில் வீரரின் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்தில்லாத ஒப்புதலை நீதிமன்றங்கள் ஏற்காத வழக்குகள் உண்டு.

குடிமக்களைக் கொன்ற வழக்கு வேறு தடம். ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் உள்ள பகுதியில் நடந்த காஷ்மீரின் பத்ரிபல் வழக்கில், கோர்ட் மார்ஷலா கிரிமினல் கோர்ட்டா என்று முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமையை 2012-ல் உச்ச நீதிமன்றம் ராணுவத்துக்கே கொடுத்தது. பாதிக்கப்பட்டவர்களின் பக்கம் நின்று பார்த்தால் இது மனதை உறுத்துகிறது.

தண்டனைக்குப் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். மேல்முறையீட்டுக்கு 90 நாள். வேலை போய் ஊர் திரும்பியவர், தீர்ப்பாயத்தின் முதன்மை அமர்வு இருக்கும் டெல்லி ஆர்.கே.புரம் வரை வந்து அறை எடுத்துத் தங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் வசித்தால் சென்னை அமர்விலேயே மனு போடலாம். வழக்குப் பதிவேடுகளின் நகலைக் கேட்டு வாங்கும் உரிமை வீரருக்கு உண்டு, அதை முதல் வாரத்திலேயே எழுதிக் கேளுங்கள்.