சைல்டு அப்யூஸ்: துஷ்பிரயோகமா, வன்கொடுமையா?

‘சைல்டு அப்யூஸ்’ என்பதற்கு இலங்கையில் ஒரு தமிழ், தமிழ்நாட்டில் இன்னொரு தமிழ். கொழும்பு அரசு ஆவணமானாலும் யாழ்ப்பாணத்துப் பத்திரிகையானாலும் ‘சிறுவர் துஷ்பிரயோகம்’ என்றுதான் எழுதுவார்கள். சென்னையில் அதுவே ‘குழந்தைகள் மீதான வன்கொடுமை’. எது சரி என்று கேட்டால், இரண்டும் பாதிப் பாதி சரி என்பேன்.

‘அப்யூஸ்’ லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. லத்தீனில் ‘அப்’ (ab) என்றால் விலகி, ‘ஊட்டி’ (uti) என்றால் பயன்படுத்துதல். முறைதவறிப் பயன்படுத்துவது என்று பொருள். துஷ்பிரயோகம் அதன் அச்சு: துஷ் என்றால் தீய, பிரயோகம் என்றால் பயன்பாடு. ‘அதிகாரத் துஷ்பிரயோகம்’ என்னும்போது இந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் ‘சிறுவர் துஷ்பிரயோகம்’ என்றால்? சிறுவரைத் தவறாகப் பயன்படுத்துவது என்றாகிறது. அப்படியானால் சரியாகப் பயன்படுத்துவது என்று ஒன்று உண்டா? குழந்தை என்ன பொருளா? இந்தக் கோளாறு ஆங்கிலத் தொடரிலேயே இருக்கிறது. நாம் அதையும் சேர்த்து மொழிபெயர்த்துவிட்டோம்.

ஆனாலும் அந்தச் சொல்லை ஒரேயடியாகத் தள்ள முடியாது. உலக சுகாதார நிறுவனம் 1999இல் வகுத்த வரையறையில் உடல் வதை, பாலியல் வதை, மன வதை, கவனிக்காமல் விடுவது, சுரண்டல் எல்லாம் வருகின்றன. அவற்றை ஒன்றாகக் கட்டும் கயிறு, பொறுப்பு, நம்பிக்கை, அதிகாரம் உள்ள உறவுக்குள் அது நடக்கிறது என்பது. ‘பெரியவங்க சொன்னா கேட்கணும்’ என்று பிள்ளைக்குச் சொல்லி வைத்திருக்கிறோமே, அந்தக் கீழ்ப்படிதலைத்தான் வதைக்கும் பெரியவர் தவறாகப் பயன்படுத்துகிறார். குழந்தையை விட்டுவிட்டு, குழந்தை வைத்த நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டால் துஷ்பிரயோகம் என்ற சொல் நிமிர்ந்துவிடுகிறது.

சரி, கொடுமை? இதன் வேர் ‘கொடு’, அதாவது வளைவு. கொடுங்கோல் என்பது வளைந்த கோல், செங்கோலுக்கு எதிர். அப்படிப் பார்த்தால் கொடுமையும் முறை கோணியதுதான். ஆங்கிலத்தாரும் முதலில் இந்தச் சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். 1874இல் நியூயார்க்கில் மேரி எலன் என்ற சிறுமியை வளர்ப்புத்தாய் அடித்து வதைத்த வழக்கைத் தொடர்ந்து உருவான சங்கத்தின் பெயரே ‘குழந்தைகளுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுக்கும் சங்கம்’. 1962இல் ஹென்றி கெம்பே என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும் காரணம் சொல்லப்படாத எலும்பு முறிவுகளை வைத்து எழுதிய கட்டுரையில் ‘அடிபட்ட குழந்தை’ என்றார்கள். அதற்குப் பிறகுதான் ‘அப்யூஸ்’ பரவியது. 1974இல் அமெரிக்கச் சட்டத்தின் பெயரிலேயே ஏறிவிட்டது.

நம் ஊரில் ‘வன்கொடுமை’ பெரிதும் சட்டத்தின் வழியாகப் பழகிய சொல். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அதை எல்லார் காதிலும் விழச் செய்தது. கனமான, மழுப்பாத சொல். ஆனால் கொடுமை என்றதும் மனம் ஒரு கொடூரனைத் தேடுகிறது. சாக்லேட் வாங்கித் தந்து, செல்போனில் கேம் விளையாடவிட்டு, ‘இது நம்ம ரெண்டு பேருக்குள்ள ரகசியம்’ என்று சிரித்துப் பேசும் மாமாவிடம் கொடூரம் எதுவும் வெளியே தெரியாது. விஷயம் வெளியே வரும்போது ‘ச்சே, அவர் பிள்ளைங்க மேல உயிரையே வச்சிருப்பாரே’ என்கிறார்கள். நிறைய வழக்குகள் இப்படித்தான் வீட்டுக்குள்ளேயே அமுங்கிப்போகின்றன.

இதைவிடக் கெட்டது பத்திரிகைத் தமிழ். ‘சிறுமியிடம் சில்மிஷம்’ என்று தலைப்புப் போட்ட காலம் ஒன்று உண்டு, இப்போதும் கண்ணில் படுகிறது. சில்மிஷம் என்றால் குறும்பு. அப்புறம் ‘சீண்டல்’ வந்தது. பக்கத்து பெஞ்சுப் பையன் பேனாவைப் பிடுங்குவதும் சீண்டல்தான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தில், பாலியல் நோக்கத்தோடு குழந்தையின் அந்தரங்க உறுப்பைத் தொட்டாலே மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. ஐந்து ஆண்டு உள்ளே தள்ளும் குற்றத்துக்குக் குறும்பு என்று பெயர் வைப்பது அநியாயம். கற்பழிப்பு என்ற சொல்லும் இப்போது அருகி வருகிறது, நல்லது. ஆறு வயதுப் பிள்ளைக்கு நடந்ததைச் சொல்லக் கற்பு எதற்கு?

ஒரு சொல்லில் வழக்கே ஆட்டம் கண்டதும் உண்டு. உடையின் மேல் தொட்டது போக்சோவில் பாலியல் தாக்குதல் ஆகாது, தோலோடு தோல் படவேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பாலியல் நோக்கம்தான் முக்கியம் என்றது. 2024 செப்டம்பரில், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை எதிர்த்து வந்த மேல்முறையீட்டில், ‘சைல்டு போர்னோகிராபி’ என்ற தொடரையே நீதிமன்றங்கள் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. அது ஆபாசப் படம் அல்ல, ஒரு குழந்தைமேல் நடந்த குற்றத்தின் பதிவு. ‘குழந்தைப் பாலியல் சுரண்டல் பதிவு’ என்று தமிழில் எழுதலாம்.

‘நெக்லெக்ட்’ இன்னும் சிக்கல். லத்தீனில் ‘எடுக்காமல் விடுவது’ என்ற பொருளில் பிறந்தது. நாம் ‘புறக்கணிப்பு’ என்கிறோம். ஆனால் தேர்தல் புறக்கணிப்பு, நீதிமன்றப் புறக்கணிப்பு என்று பழகிவிட்டதால், இதில் முடிவெடுத்து ஒதுக்கும் தொனி ஏறிவிட்டது. சொத்தைப் பல் வீங்கி, ஒரு பக்கமாகவே மென்று தின்னும் பிள்ளையை மாதக்கணக்கில் யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை என்றால், அங்கே யாரும் அப்படி முடிவெடுத்திருக்க மாட்டார்கள். கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான். இதற்குப் ‘பராமரிப்பின்மை’ மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. வறுமையையும் இதையும் குழப்பவும் கூடாது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு ‘வேண்டுமென்றே’ கவனிக்காமல் விடுவதைத்தான் தண்டிக்கிறது. பெற்றோர் தங்கள் சக்திக்கு மீறிய நிலையில் குழந்தையைக் கைவிட்டிருந்தால் அதை வேண்டுமென்றே செய்ததாகக் கொள்வதில்லை.

அடிப்பது பற்றித் தனியாகவே எழுதவேண்டும். ‘கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க சார்’ என்று வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைத்த ஊர் இது. கல்வி உரிமைச் சட்டம் 2009 பள்ளியில் அடிப்பதையும் மனத்தை நோகடிப்பதையும் தடை செய்துவிட்டது.

‘குழந்தை’ என்ற சொல்லிலும் ஒரு வில்லங்கம். பதினேழு வயதுப் பையனைக் குழந்தை என்று நம் வாய் சொல்லாது. சட்டம் பதினெட்டு நிறையும்வரை சொல்கிறது, ஆணோ பெண்ணோ. இலங்கையில் ‘சிறுவர்’ என்று வைத்தது இந்த வயதுக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் தமிழ்நாட்டுக் காதுக்கு அதில் சிறுமியர் இல்லை.

தடுப்பு என்று வரும்போதும் சொல்தான் முதலில் இடறுகிறது. கைக்கு, காலுக்கு, மூக்குக்குப் பெயர் சொல்லிக் கொடுத்துவிட்டு அந்தரங்க உறுப்புக்கு வந்ததும் ‘ஷேம் ஷேம்’ என்கிறோம். அங்கே ஒருவர் தொட்டால் எந்தச் சொல்லில் அந்தப் பிள்ளை வந்து சொல்லும்? சொல்லவே வெட்கம் என்றுதானே பழக்கியிருக்கிறோம். ‘குட் டச், பேட் டச்’ என்பதைவிடப் ‘பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல்’ நல்லது. ஊசி போடும் நர்ஸ் தொட்டால் வலிக்கும், அது கெட்டதல்ல. வலிக்காமல் செல்லமாகத் தொடுவது பாதுகாப்பானது என்றும் இல்லை.

ஆக, பொதுவாகச் சொல்ல ‘குழந்தை வதை’ என்பது என் தேர்வு. கை ஓங்குவதும், கரித்துக்கொட்டுவதும், பாலியல் குற்றமும் அதில் அடங்கும். பாலியல் குற்றத்தைத் தனித்துச் சொல்ல ‘பாலியல் வன்கொடுமை’, கவனிக்காமல் விடுவதற்குப் ‘பராமரிப்பின்மை’. இலங்கை வாசகருக்கு எழுதும்போது துஷ்பிரயோகத்தை விடவேண்டியதில்லை, அங்கே அது வேரூன்றிவிட்டது.

புகார் சொல்ல இந்தச் சொற்கள் எதுவும் தேவையில்லை. இந்தியாவில் 1098, இலங்கையில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929. பார்த்ததை, பிள்ளை சொன்னதை, பிள்ளையின் சொல்லிலேயே சொன்னால் போதும். எந்தப் பிரிவு என்று பார்ப்பது அவர்கள் வேலை. போக்சோவின் 19ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் காவல்துறையிடம் தெரிவித்தே ஆகவேண்டும். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்கு வராது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.