அந்த ஏஜென்சி வேறு, இந்த ஏஜென்சி வேறு

போன மாரியில் ஒரு நாள், கிளிநொச்சியில் இருக்கிற என் வேலை அறைக்கு ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் வந்தார். முள்ளியவளைப் பக்கத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். ஒரு கையில் நாவலின் கையெழுத்துப் பிரதி, மறுகையில் அச்செடுத்த மின்னஞ்சல்.

"தம்பி, லண்டனில ஒரு ஏஜென்சி என்ர நாவலை எடுத்திட்டுது. 900 பவுண்ஸ் கட்டச் சொல்லுகினம். மகன் கட்டுறன் எண்டுறான். நீ ஒருக்கா இதை வாசிச்சுப் பார்."

வாசித்தேன். உலக வாசகர்களின் மனச்சாட்சியை உலுக்கப் போகிற படைப்பு என்று புகழ்ந்திருந்தார்கள். ரீச்சரின் நாவலோ தமிழில் இருக்கிறது. அவர் அனுப்பியது நாவலின் பெயரையும் ஆங்கிலத்தில் நாலு வரிக் குறிப்பையும்தான்.

"ஏன் ரீச்சர், காசு கேட்கேக்கை சந்தேகம் வரேல்லையோ?"

"ஏஜென்சி எண்டால் காசு கட்டத்தானே வேணும்?"

அந்தப் பதிலில் ரீச்சரின் பிழை எதுவும் இல்லை. வன்னியில் ஏஜென்சி என்ற சொல்லுக்கு எத்தனையோ வருடமாக ஒரே பொருள்தான். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். பாதிக் காசு முன்னுக்கு, போய்ச் சேர்ந்த பிறகு மிச்சம். காணி ஈடு வைத்தும் தாலிக்கொடி அடகு வைத்தும் கட்டிப் பழகிய சனத்துக்குப் புத்தக ஏஜென்சி காசு கேட்பது இயல்பாகத்தான் படும். பிறருடைய புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்து, பக்கம் வடிவமைத்து, பதிப்பாளர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து வாழ்கிற எனக்கு, இப்படியான கடிதங்கள் இப்போது அடிக்கடி வந்து சேருகின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புத்தக ஏஜென்சிக்காரர், அதாவது இலக்கிய முகவர் என்பவர் ஆங்கிலப் பதிப்புலகத்து ஆள். எழுத்தாளரின் சார்பில் பதிப்பகத்தோடு பேசி, புத்தகத்தின் உரிமைகளை விற்றுக் கொடுப்பவர். எழுத்தாளருக்குப் பதிப்பகம் கொடுக்கிற பணத்தில் அவருக்கு 15 வீதம். வெளிநாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகள் என்றால் வழக்கமாக 20 வீதம். 5000 பவுண்ஸ் முற்பணம் கிடைத்தால் முகவருக்கு 750, எழுத்தாளருக்கு 4250. அந்த முற்பணமும் ஒரே நாளில் வராது. கையெழுத்திடும்போது ஒரு பங்கு, முழுப் பிரதியை ஒப்படைக்கும்போது ஒரு பங்கு, புத்தகம் வெளிவரும்போது ஒரு பங்கு என்று துண்டு துண்டாக வரும். புத்தகம் விற்காவிட்டால் முகவருக்கு ஒரு சதமும் இல்லை. அதனால்தான் அவர் நூறு பேருடைய பிரதிகளைத் திருப்பிவிட்டு ஒன்றை எடுக்கிறார். வாசிப்பதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது என்பது அமெரிக்க இலக்கிய முகவர் சங்கத்தின் நடத்தை விதி. வாசிக்க இவ்வளவு, திருத்த இவ்வளவு, பதிவுக்கு இவ்வளவு என்று கேட்கிறவருக்கு உங்கள் புத்தகம் விற்றாலென்ன, விற்காவிட்டாலென்ன? அவருடைய வருமானம் உங்களிடமிருந்தே வந்துவிட்டது.

ரீச்சருக்கு வந்த கடிதத்தில் பதிப்புரிமைப் பதிவுக்கென்று 150 பவுண்ஸ் போட்டிருந்தார்கள். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் எழுதிய கணமே பதிப்புரிமை உங்களுடையது. எங்கேயும் பதியத் தேவையில்லை. நீங்கள் வாழும் காலமும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் அது நிற்கும். ஐ.எஸ்.பி.என். இலக்கத்துக்கும் தனியாகக் காசு கேட்டிருந்தார்கள். அது கொழும்பில் தேசிய நூலகத்தில் நாமே விண்ணப்பித்து எடுக்கிற இலக்கம். 978க்குப் பிறகு 955 அல்லது 624 என்று வந்தால் இலங்கை இலக்கம்.

சரி, இனி மாநாடுகளுக்கு வருவோம்.

எழுத்தாளர் மாநாடு என்ற பெயரில் நம்மவர்களுக்கு வருகிற அழைப்புகள் இரண்டு சாதி. ஒன்று, பொன்னாடை மாநாடு. பதிவுக் கட்டணம், மலருக்குக் கட்டணம், விருதுக்குக் கட்டணம், கொஞ்சம் கூடக் கட்டினால் கௌரவ கலாநிதிப் பட்டமும் உண்டு. போய்வந்த ஒரு அண்ணையிடம் அங்கே யாராவது பதிப்பாளரைச் சந்தித்தீர்களா என்று கேட்டேன். "வந்த எல்லாரும் என்னைப் போல ஆக்கள்தான்" என்றார். அவருக்கு அந்தப் படம் சுவரில் தொங்குவது சந்தோசம் என்றால் நான் குறுக்கே நிற்கப் போவதில்லை. புத்தகத்துக்கு அதனால் ஒரு படி விற்காது.

மற்றது நிஜமான மாநாடு. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் நடக்கிறவற்றில் முகவரோடு நேரே பேசப் பத்து நிமிட நேரம் ஒதுக்குவார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்குத் தனிக் கட்டணம் இருப்பதும் சாதாரணம். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். முகவர் காசு வாங்கக்கூடாது என்றீரே என்பார்கள். இந்தக் கட்டணம் மாநாட்டை நடத்துகிறவர்களுக்கு, இடத்துக்கும் ஒழுங்குக்கும். உங்கள் புத்தகத்தை எடுக்கிறேன் என்ற வாக்குறுதி அதில் கிடையாது. கட்டினால் எடுப்பார்கள் என்று யாராவது சொன்னால் அது முதலில் சொன்ன பொன்னாடைச் சாதி.

இப்போது இவற்றில் சில சூமிலும் நடக்கின்றன. விசா கேட்டு அலைய வேண்டியதில்லை என்பது நமக்குப் பெரிய வரம். நேரத்தை மட்டும் கவனியுங்கள். நியூயோர்க்கில் காலை 10 மணி என்றால் கோடைகாலத்தில் இங்கே இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. ஒரு தம்பி இந்த ஒரு மணித்தியால வித்தியாசம் தெரியாமல் ஒருமுறை முந்திப்போய்க் காத்திருந்துவிட்டு, ஆள் வரவில்லை என்று வெளியேறி வந்துவிட்டான். ஆள் வந்தபோது இவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

லண்டனில் இருக்கிற சித்தப்பா மகன் லண்டன் புத்தகச் சந்தைக்குப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று சொன்னால், அன்புக்கு நன்றி சொல்லி மறித்துவிடுங்கள். லண்டன் சந்தையும் ஒக்ரோபரில் நடக்கும் பிராங்க்பேர்ட் சந்தையும் உரிமை வியாபாரம் நடக்கிற இடங்கள். முகவர்கள் அரைமணிக்கொரு சந்திப்பாக மாதங்களுக்கு முன்னரே நாளை நிரப்பிவிட்டு வந்திருப்பார்கள். நெல் ஏற்றுகிற நேரத்தில் லொறிக்காரரிடம் போய் விதைப்பைப் பற்றிப் பேசுவது மாதிரி.

பத்து நிமிடத்தில் புத்தகத்தைச் சொல்வதில்தான் நாம் விழுகிறோம். ஏனென்று யோசித்தால், புத்தகத்தைப் பற்றிப் பேச நமக்குத் தெரிந்த ஒரே இடம் வெளியீட்டு விழா. மங்கல விளக்கு, ஆசியுரை, வாழ்த்துரை, நயப்புரை, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, கடைசியில் ஏற்புரை. ஏற்புரை என்றால் நன்றியும் பட்ட துன்பமும். நானும் அப்படித்தான். முதன்முதலில் கொழும்பில் ஒரு ஆங்கிலப் பதிப்பாசிரியரைச் சந்தித்தபோது, நான் கொண்டுபோன புத்தகத்தின் ஆசிரியர் எந்த ஊர், எத்தனை முறை இடம்பெயர்ந்தார், முதற்பிரதி எப்படித் தொலைந்தது என்று ஏழு நிமிடம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கதை என்ன?" என்றார். மிச்சம் மூன்று நிமிடம். இரவு பஸ்சில் திரும்பி வரும்போது மாங்குளம் தாண்டும்வரை அந்தக் கேள்விதான் காதில்.

ரீச்சருக்கும் அதையே கேட்டேன். கதை என்ன? அவர் தன் தகப்பனார் காட்டை வெட்டிக் காணியாக்கிய நாளிலிருந்து தொடங்கினார். தேத்தண்ணி ஆறிப்போனது. மூன்றாம் தடவை சொல்லச் சொன்னபோது இப்படி வந்தது: "சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணி பாதி வயலுக்குத்தான் காணும். புருசனை இழந்த ஒருத்தி, அவன்ர பங்கைத் தரச் சொல்லிக் கமக்காரர் கூட்டத்துக்குப் போறாள். ஏலாது எண்டு முதல் கை தூக்கிறது அவளின்ர சொந்தத் தமையன்."

நான் "பிறகு?" என்றேன். ரீச்சர் சிரித்தார். எதிரில் இருப்பவர் வாயிலிருந்து அந்த ஒரு சொல்லை வரவைக்கத்தான் இத்தனை பாடும். ஆள் யார், அவருக்கு என்ன வேண்டும், குறுக்கே நிற்பது யார். விருதுப் பட்டியலை அவர் கேட்டால் சொல்லலாம்.

பேச்சில் பிடித்துப்போனால் அனுப்பச் சொல்வார்கள். ஒரு பக்கக் கடிதம், ஒன்றிரண்டு பக்கத்தில் முடிவு உட்பட முழுக் கதைச் சுருக்கம், முதல் அத்தியாயங்கள் சில. சுருக்கத்தில் முடிவை மறைத்து வைத்து ஆவலைத் தூண்ட வேண்டாம், அவர்களுக்கு முடிவு தெரிய வேண்டும். நாவல் என்றால் முழுவதும் எழுதி முடித்திருக்க வேண்டும். பதிலுக்கு இரண்டு மூன்று மாதம் ஆகலாம், பலர் பதிலே போடமாட்டார்கள். பதில் இல்லாததும் ஒரு பதில்தான் என்று எடுத்துக்கொண்டு அடுத்தவருக்கு அனுப்புங்கள்.

தமிழில் எழுதுகிறவருக்கு இதில் இன்னுமொரு படி கூடுதலாக இருக்கிறது. முகவருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே இருபது முப்பது பக்கமாவது நல்ல ஆங்கிலத்தில் மாதிரி மொழிபெயர்ப்பு வேண்டும். உண்மையில் உங்கள் புத்தகத்தைக் கொண்டு திரிகிறவர் மொழிபெயர்ப்பாளர்தான். மொழிபெயர்ப்பின் உரிமை யாருக்கு, வருகிற பணத்தை எப்படிப் பிரிப்பது, எத்தனை வருடத்துக்குள் பதிப்பகம் கிடைக்காவிட்டால் உரிமை உங்களிடம் திரும்பும் என்பதை முதலிலேயே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். எங்கட பிள்ளைதானே என்று விட்டுவிட்டுப் பிறகு முகம் பார்க்காமல் போன இரண்டு குடும்பத்தை எனக்குத் தெரியும். சிங்கள, தமிழ் நூல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு எச். ஏ. ஐ. குணதிலக்க பெயரில் கிரேஷியன் அறக்கட்டளை பரிசு கொடுக்கிறது. ஆங்கிலத்திலேயே எழுதுகிற இளம் ஆட்கள் கிரேஷியன் பரிசைக் கவனிக்கலாம். அச்சேறாத பிரதியையும் அதற்கு அனுப்பலாம். 2022இல் புக்கர் பரிசு வாங்கிய ஷெஹான் கருணாதிலக்கவின் முதல் நாவல் அந்தப் பரிசை வாங்கியது கையெழுத்துப் பிரதியாக இருந்தபோதுதான்.

சென்னை பற்றியும் சொல்லவேண்டும், நம்மில் பெரும்பாலானோருக்கு அதுதான் நடைமுறை. தமிழ்ப் பதிப்புலகில் முகவர் என்று இடையில் ஆள் இருப்பது மிக அரிது. தமிழ்நாட்டு அரசு 2023இல் தொடங்கிய சர்வதேசப் புத்தகக் கண்காட்சி வழியாக மொழிபெயர்ப்பு மானியமும் உரிமைப் பேச்சும் வளர்கின்றன, ஆனால் உங்கள் முதற் சிறுகதைத் தொகுப்புக்கு அது இன்னும் தூரத்து வெளிச்சம். நேரே பதிப்பாளருக்கு எழுதுவதுதான் வழி. எழுதுகிற மாதம் முக்கியம். சனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சியில் பதிப்பாளரின் கடைக்குப் போய்ப் பிரதியை நீட்டாதீர்கள். அவர் பில் போட்டுக்கொண்டிருப்பார். சித்திரை, வைகாசியில் அனுப்பினால் அடுத்த சனவரிக்கு யோசிப்பார். யூனிகோடில் அனுப்புங்கள். பாமினியில் அடித்த கோப்பு அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் திறக்கும். அதைத் திருத்தி வாசிக்க யாருக்கும் நேரமில்லை. எத்தனை நல்ல கதைகள் இப்படியே மூடப்பட்டிருக்கும் என்று நினைத்தால் எனக்கு வயிற்றெரிச்சல்.

இன்னுமொன்று, கொஞ்சம் கனமானது. வன்னியிலிருந்து என்றதும் வெளியில் இருப்பவர் எதிர்பார்ப்பது 2009 தான். ரீச்சரின் நாவலைப் பற்றிக் கேட்டாலும் போர் எங்கே என்று கேட்கக்கூடும். போரைத் தொட்டு எழுதியிருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விற்பதற்காக ஒரு பதுங்குகுழியை உள்ளே வெட்டாதீர்கள். அது வாசிக்கிறவருக்குத் தெரிந்துவிடும், ஊரில் இருக்கிறவருக்கு இன்னும் வேகமாகத் தெரியும். தன்வரலாறு எழுதுகிறவர்கள் மேலும் கவனிக்க வேண்டும். ஆங்கிலப் பதிப்பக ஒப்பந்தங்களில் உத்தரவாதப் பிரிவு ஒன்று இருக்கும். எழுதியதில் அவதூறு இல்லை, அந்தரங்க மீறல் இல்லை என்று நீங்கள் உறுதி கொடுக்கிறீர்கள், வழக்கு வந்தால் செலவும் உங்கள் தலையில் விழலாம். பக்கத்து வீட்டு அக்காவின் பிள்ளை எந்த நிலையில் காணாமல் போனான் என்று எழுதும்போது, அந்த அக்கா இன்னும் அதே ஒழுங்கையில் இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டுவிட்டு எழுதுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். நான் வடிவமைத்த ஒரு நூலில் இப்படி ஆறு பக்கம் கடைசி மெய்ப்பில் போயிற்று. ஆசிரியருக்கு என்னோடு ஒரு மாதம் கதை இல்லை.

ரீச்சர் 900 பவுண்ஸைக் கட்டவில்லை. மகனுக்குத் தொலைபேசி எடுத்து என்னிடம் தந்தார். அவன் கொஞ்சம் கோபப்பட்டான், தாய்க்குச் செய்கிற ஒரு நல்ல காரியத்தை நான் குழப்புகிறேன் என்று. பிறகு அந்த நிறுவனம் இதுவரை எந்தப் பதிப்பகத்துக்கு எந்தப் புத்தகத்தை விற்றது என்று எழுதிக் கேட்கச் சொன்னேன். கேட்டான். பதிலாக, கட்டணத்தில் 20 வீதக் கழிவு தருகிறோம், வெள்ளிக்கிழமைக்குள் கட்டவும் என்று வந்தது.

போன கிழமை ரீச்சர் திரும்பவும் வந்தார். நாலு பக்கமாக இருந்த சுருக்கத்தை ஒன்றரைப் பக்கமாக்கியிருக்கிறார். தமையன் கை தூக்குகிற இடம் முதல் பந்தியிலேயே வந்துவிட்டது. தகப்பனார் காடு வெட்டின கதையை முழுதாக எடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"அதை வெளியீட்டு விழாவுக்கு வைச்சிருக்கிறன்" என்றார்.